உயர்கல்வி உதவித்தொகைகளின் நிதி மேலாண்மை (தமிழ்நாடு)

உயர்கல்வி உதவித்தொகைகளின் நிதி மேலாண்மை என்பது, வறுமையாலும் சமூக ஒடுக்குதலாலும் கல்லூரிக்குச் செல்ல இயலாதிருந்த பிரிவினரை உயர்கல்விக்குள் கொண்டுவருவதற்கான பொதுப்பணத்தை ஒதுக்குதல், நடுவண் அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையே பகிர்தல், உரிய காலத்தில் விடுவித்தல், கணக்குக் காட்டுதல் ஆகிய பணிகளின் தொகுப்பாகும். தமிழ்நாட்டில் இப்பணிகள் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டம், தமிழ்ப் புதல்வன் திட்டம் முதலியவற்றின் வழியாக நடைபெற்று வந்துள்ளன.

இத்திட்டங்களைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்பதைச் சுற்றியே அமைகிறது. ஆயினும் பணம் எந்த வழியாக, எந்த மாதத்தில், யாருடைய கணக்குக்கு வந்து சேர்கிறது என்பதும் அதே அளவு முதன்மையானது. கட்டணம் செலுத்த வேண்டிய நாளுக்கும் உதவித்தொகை வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை அரசு, கல்லூரி, மாணவரின் குடும்பம் ஆகிய மூவருள் ஒருவர் தாங்கியே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை நிதி விதிகளே முடிவு செய்கின்றன.

வரலாறு

சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்விக்கான அரசு உதவிகள் முதலில் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் இருந்தன. 1920களில் மதுரை மாவட்டத்தில் வளர்ந்த கள்ளர் சீரமைப்புத் திட்டமும் இவ்வாணையரின் கீழ் இயங்கியதே. அத்திட்டத்தின் தொடர்ச்சியாக மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. ஆதி திராவிடர் நலத்துறையின் முன்னோடியான அரிசன நலத்துறை 1949இல் தனித்துறையாக அமைந்தது.

இந்திய அளவில் பள்ளி இறுதிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் வற்புறுத்தலால், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கென ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பத்தாம் வகுப்பை முடித்த பின் பதினொன்றாம் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரையிலான படிப்புகளுக்கு வழங்கப்பட்டதால் இது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று பெயர் பெற்றது. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2013-14 முதல் 2.5 இலட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது.

சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பின் இத்திட்டத்தின் தன்மை மாறியது. அரசுக் கல்லூரியில் சில நூறு ரூபாயாக இருந்த கட்டணம் சுயநிதிக் கல்லூரியில் பல்லாயிரம் ரூபாயாக இருந்தது. தமிழ்நாடு அரசு 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 11 நாளிட்ட அரசாணை 92இன் மூலம், சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ மதம் மாறிய ஆதி திராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களைத் தானே ஏற்றது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோரும் பயன்பெற்றனர். இதனால் பொறியியல் கல்லூரிகளில் இம்மாணவர்களின் சேர்க்கை பெருகியது. செலவும் பெருகியது. நடுவண் அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை உதவித்தொகைக்கு அப்பாற்பட்டவை ஆக்கியது.

நிதி ஒதுக்கீடு

மாநில வரவுசெலவுத் திட்டத்தில் 'உயர்கல்வி அணுகல்' என்ற ஒரே தலைப்பு கிடையாது. பணம் பல துறைகளின் மானியக் கோரிக்கைகளில் பிரிந்து கிடக்கிறது.

* மானியக் கோரிக்கை எண் 4: ஆதி திராவிடர், பழங்குடியினர் நலம்
* மானியக் கோரிக்கை எண் 9: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலம்
* மானியக் கோரிக்கை எண் 20: உயர்கல்வி
* மானியக் கோரிக்கை எண் 45: சமூக நலம்

ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நான்கு மாணவர்கள் நான்கு வெவ்வேறு துறைகளிலிருந்து உதவி பெறக்கூடும். ஒவ்வொரு துறைக்கும் தனி விண்ணப்பம், தனி அலுவலர், தனிக் காலக்கெடு உண்டு. கல்லூரி அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் எழுத்தர் இவை அனைத்தையும் தெரிந்திருக்க வேண்டியுள்ளது.

பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு அவர்தம் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற கொள்கை, 1979-80இல் அறிமுகமான சிறப்புக்கூறுத் திட்டத்திலிருந்து வருவதாகும். இதற்குச் சட்ட வலு அளிக்கும் வகையில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றியது.

நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. கல்வியாண்டோ கோடை விடுமுறைக்குப் பின் தொடங்குகிறது. மாணவர் சேர்க்கை முடிந்து, விண்ணப்பங்கள் பெறப்பட்டு, சரிபார்ப்பு நிறைவடையும்போது நிதியாண்டின் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. மார்ச் 31க்குள் செலவிடப்படாத ஒதுக்கீடு காலாவதியாகும். விடுபட்டவர்களுக்கு அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து வழங்க வேண்டியிருப்பதால் நிலுவை ஆண்டுக்கு ஆண்டு தொடர்கிறது.

நடுவண் அரசும் மாநிலமும்

2020 வரை: நிலைப்பொறுப்பு முறை

பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் நெடுங்காலம் ஒரு தனிப்பட்ட பகிர்வு முறை இருந்தது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதியாண்டில் மாநிலத்தில் ஆன மொத்தச் செலவு, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அம்மாநிலம் தானே ஏற்க வேண்டிய தொகையாகக் கொள்ளப்பட்டது. இத்தொகை இக்கட்டுரையில் நிலைப்பொறுப்பு எனக் குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஆகும் செலவு முழுவதையும் நடுவண் அரசு ஏற்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஒரு மாநிலத்தின் நிலைப்பொறுப்பு 300 கோடி ரூபாய் என்றும், ஓராண்டின் தேவை 1,000 கோடி என்றும் கொள்வோம். நடுவண் அரசு 700 கோடி தரும். அந்த ஆண்டே திட்டக்காலத்தின் இறுதியாண்டாக இருந்தால், மறு ஆண்டு முதல் மாநிலத்தின் நிலைப்பொறுப்பு 1,000 கோடி ஆகிவிடும். மறு ஆண்டின் தேவை 1,100 கோடி என்றால் நடுவண் அரசின் பங்கு 100 கோடி மட்டுமே. எந்த மாணவரும் குறையாமல், எந்த விதியும் மாறாமல், ஒரே இரவில் 700 கோடி 100 கோடியாகச் சுருங்கும்.

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபோது இதுவே நடந்தது. தமிழ்நாட்டின் நிலைப்பொறுப்பு ஏறத்தாழ 353 கோடி ரூபாயிலிருந்து ஏறத்தாழ 1,526 கோடி ரூபாயாக உயர்ந்தது. இம்முறையில் ஒரு முரண்பாடு உள்ளடங்கியிருந்தது. கூடுதல் மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிய மாநிலத்தின் நிலைப்பொறுப்பு கூடுதலாக உயர்ந்தது. சேர்க்கையைப் பெருக்காத மாநிலத்துக்குச் சுமை ஏறவில்லை. அணுகலை விரிவாக்குவதற்கான திட்டம், அதை உண்மையில் விரிவாக்கியவர்களுக்கே செலவை ஏற்றியது. 2017-18 முதல் 2019-20 வரை நாடு முழுமைக்கும் நடுவண் அரசு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய் மட்டுமே வழங்கியது.

2020க்குப் பின்: 60:40 பகிர்வு

2020 திசம்பர் 23 அன்று நடுவண் அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு நிலைப்பொறுப்பு முறையைக் கைவிட ஒப்புதல் அளித்தது. அதற்கு மாற்றாக 60:40 என்ற நிலையான விகிதம் வந்தது. வடகிழக்கு மாநிலங்களுக்கு இது 90:10 ஆகும். ஐந்தாண்டுகளுக்கான மொத்த மதிப்பீடு 59,048 கோடி ரூபாய். அதில் நடுவண் அரசின் பங்கு 35,534 கோடி ரூபாய். 2020-21 முதல் 2025-26 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் நடுவண் உதவியாகக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. பழங்குடியினருக்கான திட்டம் நடுவண் பழங்குடியினர் அமைச்சகத்தின் கீழ் 75:25 விகிதத்தில் அமைந்தது.

புதிய முறையில் இரண்டு முதன்மையான மாற்றங்கள் உள்ளன. முதலாவது, மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்ததை உறுதிசெய்த பின்னரே நடுவண் பங்கு விடுவிக்கப்படும். இரண்டாவது, 2021-22 முதல் நடுவண் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். சமூகத் தணிக்கை, ஆண்டுதோறும் மூன்றாம் தரப்பு மதிப்பீடு, ஒவ்வொரு கல்வி நிறுவனத்தின் அரையாண்டுத் தன்தணிக்கை அறிக்கை ஆகியவையும் சேர்க்கப்பட்டன.

உதவித்தொகையின் அளவு

2021ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, கட்டணங்களைத் தவிர்த்து மாணவருக்கு வழங்கப்படும் ஆண்டுப் படித்தொகை பின்வருமாறு வகுக்கப்பட்டது.

* பிரிவு 1 (மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் பட்டம், மேற்பட்டம்): விடுதியில் தங்குவோருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருவோருக்கு 7,000 ரூபாய்
* பிரிவு 2 (பிற தொழிற்படிப்புகள்): 9,500 ரூபாய், 6,500 ரூபாய்
* பிரிவு 3 (முதலிரு பிரிவுகளில் அடங்காத கலை, அறிவியல், வணிகவியல் பட்டங்கள்): 6,000 ரூபாய், 3,000 ரூபாய்
* பிரிவு 4 (பட்டம் அல்லாத படிப்புகள், மேல்நிலை வகுப்புகள் உட்பட): 4,000 ரூபாய், 2,500 ரூபாய்

வீட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் கலைப்பிரிவு மாணவிக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்பது மாதத்துக்கு 250 ரூபாய் ஆகும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமப்புற மாணவர்கள் இப்பிரிவிலேயே அடங்குவர். மாநில அரசு பின்னர் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களைத் தொடங்கியதன் பொருளை இந்த ஒப்பீட்டில் காணலாம்.

பணம் செல்லும் வழி: ஓர் எடுத்துக்காட்டு

விளாங்குடி, மதுரையின் வடமேற்கில் திண்டுக்கல் சாலையில் அமைந்த பகுதியாகும். பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இதன் அருகில் 1953இல் நிறுவப்பட்ட பாத்திமா கல்லூரி உள்ளது. அமெரிக்கன் கல்லூரி (1881), மதுரைக் கல்லூரி (1889), லேடி டோக் கல்லூரி (1948), தியாகராசர் கல்லூரி (1949) ஆகியனவும் நகரப் பேருந்தில் சென்றடையும் தொலைவில் உள்ளன. ஆகவே விளாங்குடி மாணவருக்குத் தொலைவு தடையன்று. தடையாக எஞ்சுவது பணம்.

இவ்வூரில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் மகள், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், நகரிலுள்ள அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் சேர்வதாகக் கற்பனை செய்வோம். அரசு உதவிபெறும் கல்லூரி என்றாலும் அதன் எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் அரசு ஊதிய உதவி தருவதில்லை. உதவி இல்லாத பிரிவுகளே சுயநிதிப் பிரிவுகள். அவற்றின் கட்டணம் பன்மடங்கு கூடுதல். அவருக்கான பணம் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டும்.

1. சேர்க்கை நாளில் கல்லூரி கட்டணம் கேட்கிறது.
2. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, வருவாய்த்துறை அலுவலரின் ஒப்புதலுடன் பெற வேண்டும்.
3. ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு தேவை.
4. உதவித்தொகை வலைவாசல் திறந்ததும் விண்ணப்பம் பதிவாகிறது. கல்லூரி அதைச் சரிபார்த்து அனுப்புகிறது.
5. மாவட்ட ஆதி திராவிடர் நல அலுவலகம் மீண்டும் சரிபார்க்கிறது.
6. மாநிலம் தன் பங்கை விடுவிக்கிறது.
7. நடுவண் அமைச்சகம் தன் பங்கை மாணவியின் கணக்கில் செலுத்துகிறது.
8. மாணவி அதிலிருந்து கட்டணத்தைக் கல்லூரிக்குச் செலுத்துகிறார்.

முதற்படிக்கும் எட்டாம்படிக்கும் இடையே பல மாதங்கள் கழிகின்றன. தகுதியுள்ள மாணவரிடம் முன்கூட்டியே கட்டணம் வசூலிக்கலாகாது என்று அரசு அறிவுறுத்தினாலும், ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் தர வேண்டிய சுயநிதிப் பிரிவுக்குக் காத்திருக்க எளிதில் இயலாது. அவ்வாறான நிலையில் குடும்பம் கடன் வாங்குகிறது, நகையை அடகு வைக்கிறது. இவை இரண்டும் இயலாதபோது சேர்க்கை கைவிடப்படுகிறது. உதவித்தொகை பின்னர் முழுமையாக வந்தாலும் அடகு வட்டியை அது ஈடுசெய்வதில்லை. அந்த வட்டி அரசின் எந்தக் கணக்கேட்டிலும் செலவாகப் பதிவாவதும் இல்லை.

மாநிலத்தின் பிற திட்டங்களும் அவற்றின் நிதிவழியும்

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை

2010-11 கல்வியாண்டில் அறிமுகமான இத்திட்டம், குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத மாணவர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கட்டணச் சலுகை அளிக்கிறது. சாதி வேறுபாடும் வருமான வரம்பும் கிடையா. வருவாய்த்துறை வழங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் போதுமானது. கல்லூரி சலுகைத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தை மட்டும் வசூலிக்கிறது; கழித்த தொகையை அரசிடம் பின்னர் பெறுகிறது. எனவே காத்திருப்பது கல்லூரியே ஆகும். குடும்பத்தில் ஒருவர் இச்சலுகையைப் பெற்றால் இளையவர் தகுதி இழப்பது இதன் வரம்பு ஆகும்.

7.5 விழுக்காடு ஒதுக்கீடு

நீட் தேர்வுக்குப் பின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவ இடங்களைப் பெறுவது அரிதானதைத் தொடர்ந்து நீதியரசர் பொ. கலையரசன் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த முதல் கலந்தாய்வில், தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்த சில மாணவர்கள் கட்டணத்துக்கு அஞ்சி இடத்தைத் துறந்தனர். இவர்களுள் பலர் உதவித்தொகைக்குத் தகுதி உடையவர்களே. பணம் பிறகு வரும் என்ற உறுதிமொழி, சேர்க்கை நாளில் கட்டணம் கட்ட உதவவில்லை. இதன் பின் அரசு ஒரு சுழல் நிதியை உருவாக்கி, உதவித்தொகை விடுவிக்கப்படும் வரை காத்திராமல் கட்டணத்தைக் கல்லூரிகளுக்கு நேரடியாகச் செலுத்த ஆணையிட்டது.

இடம் ஒதுக்குவதும் பணம் விடுவிப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது. நீதியரசர் த. முருகேசன் ஆணையத்தின் அறிக்கையை அடுத்து 2021 ஆகத்தில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிவாக்கப்பட்டது. அடுத்த மாதமே, இம்மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்திட்டத்தில் காத்திருப்பின் சுமை அரசின் மீது உள்ளது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்

1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் பணமும் வழங்கும் திட்டமாக வளர்ந்தது. 2022 மார்ச்சில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அளித்த வரவுசெலவுத் திட்டத்தில், இது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 698 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. புதிய பணத்தைத் தேடாமல், இருந்த செலவினத்தின் நோக்கத்தை மாற்றியமைத்தது இதன் சிறப்பு ஆகும். 2022 செப்டம்பர் 5 அன்று இது புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவிக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வழங்குவது இத்திட்டம். மாநகராட்சிப் பள்ளிகள், ஆதி திராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் முதலியனவும் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படுகின்றன. வேறு உதவித்தொகை பெறுவோரும் இதைப் பெறலாம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவிகளுக்கு 2024 திசம்பரில் இது விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகத்து 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது.

இத்தொகை கட்டணத்துக்கானது அன்று. பேருந்து, நூல், உணவு, கைப்பேசி இணைப்பு போன்ற அன்றாடச் செலவுகளுக்கு மாதந்தோறும் வருவதால் கணக்கிட்டுச் செலவிட இயலும்.

தரவும் அடையாளமும்

நேரடிப் பயன் பரிமாற்றம் தரவுத்தளங்களின் ஒத்திசைவைச் சார்ந்துள்ளது. பள்ளிக் கல்வியில் மாணவரின் விவரம் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் பதிவாகிறது. கல்லூரிகளுக்கு உமிஸ் எனப்படும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் முறைமை உண்டு. எந்தப் பள்ளியில் பயின்றார் என்பதை எமிஸ் எண்ணைக் கொண்டே சரிபார்க்க முடிவதால் பழைய பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி அலையும் தேவை குறைந்துள்ளது.

மறுபுறம், புதிய சிக்கல்களும் எழுந்துள்ளன.

* பெயர் வேறுபாடு: தமிழர் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னும், ஆதாரில் பின்னும், வங்கி ஏட்டில் தந்தை பெயர் முழுமையாகவும் இருக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறுபடும். கணினிக்கு இவர்கள் வெவ்வேறு மனிதர்கள்.
* வங்கி இணைப்பு: ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், அந்த எண்ணுடன் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கே செல்லும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு வேறாக இருப்பின், பணம் வரவில்லை என்று மாணவர் எண்ணக்கூடும்.
* இயங்காக் கணக்கு: பள்ளிப் பருவத்தில் தொடங்கிய கணக்கு, நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் முடங்கியிருந்தால் தொகை திரும்பிவிடும்.

இவை ஒவ்வொன்றும் சிறிய பிழையே. ஆயினும் திருத்துவதற்கு ஆதார் மையம், வங்கி, கல்லூரி, மாவட்ட அலுவலகம் என நான்கு இடங்களுக்குச் செல்ல நேரிடும். தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் ஓர் ஊதிய இழப்பு ஆகும். சேர்க்கைக்கு முன்பே, பன்னிரண்டாம் வகுப்பிலேயே இவ்விவரங்களைச் சரிபார்ப்பது செலவு குறைந்த தீர்வாகும்.

தணிக்கையும் முறைகேடுகளும்

இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் 2018ஆம் ஆண்டின் 12ஆம் எண் அறிக்கை, பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தை 2012 முதல் 2017 வரையிலான காலத்துக்கு ஆய்ந்தது. தமிழ்நாடு, கருநாடகம், மகாராட்டிரம், பஞ்சாப், உத்தரப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்கள் ஆய்வில் அடங்கின. தகுதியுள்ள மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கான தரவுத்தளம் இன்மை, ஆண்டுச் செயல்திட்டம் வகுக்காமை, தொகை வழங்குவதில் காலதாமதம் ஆகியவற்றை அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. தேவை எவ்வளவு என்று தெரியாதபோது ஒதுக்கீடும் சரியாக அமைய இயலாது.

பணம் கல்லூரிகளுக்குச் சென்ற முறையில் முறைகேடுகளும் நிகழ்ந்தன. இமாச்சலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட உதவித்தொகை மோசடி குறித்து நடுவண் புலனாய்வுச் செயலகம் 2019இல் வழக்குப் பதிந்தது. தனியார் நிறுவனங்கள் மாணவர்களின் பெயரால் தொகையைப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. மாணவரின் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் முறைக்கு இத்தகைய நிகழ்வுகள் வலு சேர்த்தன.

எனினும் இவ்விரு முறைகளும் இரண்டு வேறு இடர்களைக் கொண்டவை. கல்லூரிக்குச் செலுத்தினால் போலிக் கணக்கு எழுதப்படலாம். மாணவருக்குச் செலுத்தினால் போலிக் கணக்கு குறையும். ஆனால் தாமதத்தின் சுமை மாணவர் மீது விழும். அரசுக்கு இழப்பு நேராமல் காப்பதும் மாணவருக்கு இழப்பு நேராமல் காப்பதும் ஒரே செயல் அல்ல.

பிற நாடுகளில்

இலங்கையில் பல்கலைக்கழகக் கல்வி 1940களின் கன்னங்கரா சீர்திருத்தங்களுக்குப் பின் கட்டணமற்றதாக உள்ளது. எனவே அங்கு உதவித்தொகை வாழ்க்கைச் செலவுக்கே. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மகாபொல நம்பிக்கை நிதியம் இதற்கென அரசு நிதியுடன் தனி வருவாயையும் கொண்டுள்ளது. ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை மட்டும் சாராத நிதிக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெல் மானியம் 1972இல் சட்டமாகி, 1980இல் இப்பெயரைப் பெற்றது. கல்லூரி இம்மானியத்தை மாணவரின் கட்டணக் கணக்கில் வரவு வைக்கிறது. மிஞ்சும் தொகை மாணவருக்குத் தரப்படுகிறது. மாணவர் முதலில் கட்டிப் பிறகு திரும்பப் பெறும் நிலை இதனால் பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின்படி, கூடுதல் கட்டணம் வசூலிக்க விரும்பும் பல்கலைக்கழகம் பின்தங்கிய பிரிவினரைச் சேர்ப்பதற்கான திட்டத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். 2018 முதல் இப்பொறுப்பை மாணவர்களுக்கான அலுவலகம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றது. ஆத்திரேலியா 2010 முதல், வறிய பின்னணி மாணவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி நிதி வழங்கியது. கூடுதல் மாணவரைச் சேர்த்தவருக்குக் கூடுதல் நிதி என்ற இந்த ஏற்பாடு, மேலே கூறிய நிலைப்பொறுப்பு முறைக்கு நேர்மாறானது.

பயன்

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 ஆகும். இந்தியச் சராசரி 28.4. இவ்விகிதம் 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டது. இவ்வளர்ச்சிக்கு இட ஒதுக்கீடு, பள்ளிக் கல்வியின் பரவல், சத்துணவு, இலவசப் பேருந்துப் பயணம், கல்லூரிகளின் பெருக்கம் ஆகிய பலவும் காரணங்கள். உதவித்தொகையின் பங்கை மட்டும் தனியே பிரித்தறிவது கடினம்.

சேர்க்கை விகிதம் கல்லூரிக்குள் வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. இடம் கிடைத்தும் சேர்க்கை நாளில் கட்டணம் கட்ட இயலாமல் திரும்பியவர்கள் அதில் இடம்பெறார். ஆகவே ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன், கட்டணக் கெடுவுக்கும் தொகை வரவு வைக்கப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்வது பொருத்தமாகும். விண்ணப்ப நாளும் வரவு நாளும் வலைவாசல்களில் ஏற்கெனவே பதிவாவதால் இதைக் கணக்கிடுவதற்குப் புதிய தரவு எதுவும் தேவையில்லை.